காதலைப் பாடியவர் வரன் தேடிய காலம்

தமிழில் காதலை அதிகம் எழுதியவர் யார் என்று கேட்டால் இன்றைய வாசகி ரமணிசந்திரன் என்பார். அவருடைய அம்மாவைக் கேட்டால் லக்ஷ்மி என்று சொல்லக்கூடும். அந்த வரிசையில் பின்னால் நடந்துகொண்டே போனால், நம் கைக்கு எட்டும் கடைசி ஆள் கபிலர். அவர் உயிர்விட்ட இடம் என்று மக்கள் காட்டும் பாறை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவே, தலையில் சிறிய கோயிலோடு நிற்கும் அந்தப் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் இந்த ஆறு பெருக்கெடுத்துக் கரையோர ஊர்களைக் கலங்கடித்தது. எத்தனையோ வெள்ளங்களைப் பார்த்துவிட்ட பாறை அது.

ஆண்டு முடியும்போது எழுத்தாளர்கள் கணக்குப் பார்ப்பது வழக்கம். எத்தனை நாவல் வந்தது, எந்தத் தொடர் ஓடியது, எந்த விருது கிடைத்தது என்று ஒரு பட்டியல். வீட்டில் நடந்த கல்யாணம், வந்த நோய், போன உயிர் என்று இன்னொன்று. காதல் கதை எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பட்டியல்தான் கனமானது. பக்கம் பக்கமாக ஊராரின் காதலைச் சேர்த்துவைத்தவர்கள், சொந்த வாழ்க்கையில் தங்களை நம்பி நின்றவர்களுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி அதில் இருக்கிறது.

கபிலரின் கணக்கு புறநானூற்றில் சிதறிக் கிடக்கிறது. நண்பன் மடிந்தது, நண்பனின் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடி அலைந்தது, வாழ்நாளின் மிகப் பெரிய பரிசு கைக்கு வந்தது எல்லாம் அதில் உண்டு. ஓர் ஆண்டுக்குள் நடந்தவையா, சில ஆண்டுகளில் நடந்தவையா என்று பாடல்கள் நாள் குறிக்கவில்லை. பாடல்களின் அடியில் பழையவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு நான் அவற்றை வரிசையாக வைத்துப் படித்தேன். ஒரே மூச்சில் நடந்தவை போலத்தான் இருக்கின்றன.

முதலில் அவருடைய தொழிலைச் சொல்ல வேண்டும். சங்கப் புலவர்களில் அதிகமான பாடல்கள் இவர் பெயரில்தான் இருக்கின்றன, இருநூறுக்கும் மேல். ஐங்குறுநூற்றில் குறிஞ்சியைப் பற்றிய நூறும் இவருடையவை. கலித்தொகையில் குறிஞ்சிக்கலி 29 பாடல்கள் இவருடையவை என்பது மரபு. அந்தக் கபிலர் வேறொருவர் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. பத்துப்பாட்டில் 261 அடிகளில் குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் மரபில் காதல் எப்படி நடக்கிறது என்று காட்டுவதற்காக இதைப் பாடினார் என்று நூலின் அடிக்குறிப்பு சொல்கிறது. வெளியூர்க்காரர் ஒருவருக்கு நம் ஊரை அறிமுகம் செய்ய ஒரு காதல் கதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதே எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தக் கதையை மலையில் வாழ்ந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பெண் உடல் மெலிகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. குறி கேட்கிறாள், சாமிக்குப் படைக்கிறாள். தோழி செவிலித்தாயிடம் போய் நடந்ததைச் சொல்கிறாள். தினைப்புனத்தில் கிளி விரட்டப் போனோம், மழை பெய்தது, அருவியில் குளித்தோம், பூப்பறித்துப் பாறையில் குவித்தோம். அப்போது வேட்டை நாய்கள் சூழ்ந்துகொண்டன. பின்னாலேயே ஓர் இளைஞன் வந்தான். அதன் பிறகு மதம் பிடித்த யானை வந்தது. பயத்தில் இவள் அவனருகே ஓடினாள்; அவன் அம்பெய்து யானையை விரட்டினான். இப்படித்தான் தொடங்கியது என்கிறாள் தோழி. பறித்த பூக்களை மட்டும் 99 பெயர்களாகச் சொல்கிறார் கபிலர். அவசரமே இல்லை அவருக்கு. காதலர்கள் சந்திக்கும் முன்பே, அவர்கள் சந்திக்கப்போகும் காட்டை நாம் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் போனவர்களுக்கு இந்தக் காடு அந்நியமல்ல. கல்வராயன் மலை ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்தது. வடக்கே சின்ன கல்வராயன், தெற்கே அதைவிட உயரமான பெரிய கல்வராயன். மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விதைத்தார்கள். இப்போது மரவள்ளியும் போடுகிறார்கள். கடுக்காயும் தேனும் காடு தருவது. 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. கிளிக்குப் பதில் காட்டுப்பன்றியை விரட்ட வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர, விளைச்சலுக்குக் காவல் இருக்கும் வேலை மாறவில்லை. விளைநிலத்தில் இரவும் பகலும் ஆள் இருந்தாக வேண்டும். வீட்டார் கண்ணுக்கு அப்பால் இளையவர்கள் சந்திக்க அதுதான் இடம். கபிலரின் காதல் கற்பனையில் முளைத்ததன்று. மலை விவசாயம் நடக்கும் முறையிலிருந்தே அது வருகிறது.

குறுந்தொகையில் அவர் இன்னும் சுருக்கமானவர். 18ஆம் பாடலில் சிறு கொம்பில் தொங்கும் பெரிய பலாப்பழத்தைக் காட்டி, இந்தப் பெண்ணின் உயிர் சிறியது, ஆசை பெரியது என்று தோழி அவனிடம் சொல்கிறாள். சீக்கிரம் கல்யாணத்துக்கு வழி பார் என்பதுதான் உள்ளே இருக்கும் செய்தி. 25ஆம் பாடல் அதற்கு நேர்மாறான இடத்தில் நிற்கிறது. அவன் வார்த்தை மாறினால் நான் என்ன செய்வேன் என்று ஒரு பெண் கேட்கிறாள். சேர்ந்த அன்றைக்கு அங்கே வேறு மனிதர் யாரும் இல்லை. ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் தேடி நின்ற நாரை ஒன்றுதான் சாட்சி. அந்த நாரையின் கண்ணும் மீன் மேல்தான் இருந்திருக்கும். ஏமாற்றப்படக்கூடிய பெண்ணின் தனிமையை இதைவிடக் குறைந்த சொற்களில் யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. கபிலர் காதலின் இன்பத்தைப் பாடினார் என்று பாடப்புத்தகங்களில் படிக்கிறோம். இந்தப் பாடலைப் படித்த பிறகு, அந்த இன்பத்தில் பெண் எடுத்துக்கொள்ளும் ஆபத்தையும் அறிந்தே பாடினார் என்று தோன்றுகிறது.

அதனால்தான் பேகன் விஷயத்தில் அவரால் வாய்மூடி இருக்க முடியவில்லை. வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல். மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலர் அவன் வாசலில் நின்று அவனுடைய மலையைப் பாடியபோது ஒரு பெண் விம்மி அழுதாள், யார் அவள் என்று கேட்கிறார் புறநானூறு 143இல். யாரென்று அவருக்குத் தெரியாதா? பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோரும் அடுத்தடுத்து அதையே பேகனிடம் கேட்டார்கள். பரிசு வாங்கப் போன இடத்தில் வள்ளலின் வீட்டு விவகாரத்தைப் பேசினால் பரிசு போய்விடக்கூடும். அதைப் பொருட்படுத்தாமல் நான்கு புலவர்கள் ஒரு மனைவிக்காகப் பேசியிருக்கிறார்கள்.

கபிலரின் நண்பன் பாரியின் கதைக்கு வருவோம். அவன் ஆண்ட பறம்பு மலை இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. மூவேந்தர்களும் முற்றுகையிட்டு நின்றபோது கபிலர் அவர்களுக்குச் சொன்ன பதில் 109ஆம் பாட்டில் இருக்கிறது. உழவன் உழாமலே இந்த மலை நான்கு விளைச்சல் தரும்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வாளால் இதை வாங்க முடியாது; பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்கிறார். 110இல், முந்நூறு ஊர்களையும் இரவலர்கள் ஏற்கெனவே வாங்கிப் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது பாரியும் நாங்களும் இந்தக் குன்றும்தான் என்கிறார். காதல் பாட்டில் வந்த அதே பலாவும் தேனும் இங்கே ஒரு நாட்டின் உணவுக் கையிருப்பாக நிற்கின்றன.

பாரி மடிந்தான். அப்பாவும் மலையும் இருந்த ஒரு முழுநிலா நாளையும், இரண்டும் இல்லாத இன்னொரு முழுநிலா நாளையும் அவன் மகள்கள் பாடியது 112ஆம் பாட்டு. அவர்கள் பெயரில் இருப்பது அந்த ஒரு பாட்டுதான். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்காலக் கதைகளில் வருகிறவை. புறநானூறு பாரி மகளிர் என்று மட்டும் சொல்கிறது.

அடுத்து வரும் பாடல்களில் கபிலர் அந்தப் பெண்களோடு மலையை விட்டு இறங்குகிறார். இவர்களுக்கு ஏற்ற கணவரைத் தேடிப் போகிறோம், பறம்பே விடைகொடு என்று கண்ணீரோடு சொல்கிறார் 113இல். தூரம் போன பிறகும் மலை தெரிகிறதே என்று திரும்பிப் பார்க்கிறார். 116ஆம் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. எளிய ஒரு குடியிருப்பில் தங்கியிருக்கும்போது, அந்தப் பெண்கள் குப்பைமேட்டில் ஏறி நின்று உப்பு வணிகர்களின் வண்டிகளை எண்ணி விளையாடுகிறார்கள். இவர்கள் ஒருகாலத்தில் மலையுச்சியில் நின்று, படையெடுத்து வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணியவர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெரியவரின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இந்தப் பாட்டைக் கடக்க என்னால் முடிவதில்லை.

இனி வரன் தேடல். முதலில் விச்சிக்கோன். இவர்கள் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் மக்கள், நான் அந்தணன், நான் தருகிறேன், ஏற்றுக்கொள் என்கிறார் 200இல். நடக்கவில்லை. அடுத்து இருங்கோவேள். அவனிடம் பேசும்போது பேச்சு நீள்கிறது. துவரையை ஆண்ட உன் முன்னோர், 49 தலைமுறை தொடர்ந்த உன் குடி என்று அவன் குலப்பெருமையை அடுக்குகிறார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசும் பேச்சு அது. நம் வீடுகளில் நாம் கேட்டதுதான். அவனும் மறுத்தான். 202இல் கபிலரின் சொல் கொதிக்கிறது. உன் முன்னோன் ஒருவன் கழாத்தலையார் என்ற புலவரை இகழ்ந்ததால்தான் அரையம் என்ற உங்கள் பெருநகர் அழிந்தது என்கிறார். இவர்கள் பாரியின் பெண்கள் என்று சொல்லிவிட்டேனே, அதைப் பொறுத்துக்கொள், நான் போகிறேன் என்று எழுந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் நின்று அவருடைய இரண்டு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கபிலர் படைத்த பெண்கள் எல்லோரும் தங்களுக்கு வேண்டியவனைத் தாங்களே கண்டுகொண்டவர்கள். வீட்டார் பிற்பாடு தெரிந்துகொண்டு சம்மதிக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அந்தச் சம்மதத்துக்காக ஒரு தோழி நடத்தும் வாதம். அப்படிப் பாடியவர் கையில், புனமும் இல்லாமல் அருவியும் இல்லாமல் தோழியும் இல்லாமல் இரண்டு பெண்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். யானையும் வரவில்லை, அம்போடு இளைஞனும் வரவில்லை. வேந்தர்களின் பகைக்கு அஞ்சிய சிற்றரசர்களின் வாசல்கள்தான் இருந்தன. கவிதையில் பெண்களுக்குத் தந்த உரிமையை இவர்களுக்குத் தர அவரிடம் நாடு இல்லை, படை இல்லை. அவரிடம் இருந்தது பாட்டு. அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவர் எழுதிய காதல் பாடல்களைவிட இந்த நடை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதே காலத்தில்தான் தொழிலில் அவருக்கு உச்சம் வந்தது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து கபிலர் பாடியது. பாட்டுடைத் தலைவன் சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதன். பாரி திரும்பி வராத இடத்துக்குப் போய்விட்டான் என்பது முதல் பாட்டிலேயே வருகிறது. அதற்காக உன்னிடம் இரக்க வரவில்லை என்றும் சொல்கிறார். இழவு வீட்டு ஈரம் காயாத நேரத்தில் பாடியது என்பதில் ஐயமில்லை. அதற்குக் கிடைத்த பரிசாகப் பதிகம் சொல்வது நூறாயிரம் காணம் பொன்னும், நன்றா என்ற குன்றின் மேல் நின்று சேரன் கண்ணில் பட்ட நாடு முழுவதும். வேறு ஒரு புலவருக்கு இது வாழ்நாள் கொண்டாட்டமாக இருந்திருக்கும். கபிலரின் பாடல்களில் அந்தப் பொன்னைப் பற்றிய மகிழ்ச்சியை எங்கும் காணோம்.

நம் காலத்தில் லக்ஷ்மியை நினைத்துக்கொள்கிறேன். திரிபுரசுந்தரி என்ற அந்த இளம்பெண் மருத்துவம் படிக்கும் செலவுக்கு ஆனந்த விகடனில் கதை எழுதினார், மருத்துவரானார், நெடுங்காலம் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து திரும்பினார். அந்த நாட்டுத் தமிழர் வாழ்வை எழுதிய ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. 1987இல் மறைந்துவிட்டார். அறுபதைத் தாண்டிய பிறகு விருது. அதன் பிறகு மூன்றே ஆண்டுகள். பெண்களின் காதலையும் குடும்பத்தையும் எழுதியவர்கள் தமிழில் எப்போதும் நிறைய வாசிக்கப்பட்டார்கள். மதிப்பு மட்டும் தாமதமாகத்தான் வந்தது.

கபிலருக்கு அந்த மதிப்பை உடன் இருந்தவர்களே தந்தார்கள். மாறோக்கத்து நப்பசலையார் என்ற பெண்பாற் புலவர் திருக்கோவிலூர் மலையமான் திருமுடிக்காரியைப் பாட வந்தபோது, மனத்தில் அழுக்கில்லாத ஓர் அந்தணர் உன்னைப் பாடிவிட்டார், பிறர் பாட இடமில்லை என்று 126ஆம் பாட்டில் சொல்கிறார். அந்த அந்தணர் கபிலர்தான்.

மலையமானோடு கபிலருக்கு இருந்த நெருக்கம் நான்கு புறப்பாடல்களில் தெரிகிறது. 121இல், கொடுப்பது எளிது, யாருக்கு என்ன தகுதி என்று அறிவதுதான் கடினம், எல்லாப் புலவர்களையும் ஒன்றாக நடத்தாதே என்று உரிமையோடு கண்டிக்கிறார். அடுத்த பாட்டில், உன் நாடு அந்தணர்க்கு, உன் செல்வம் இரவலர்க்கு, உனக்கென்று இருப்பது உன் மனைவி ஒருத்திதான் என்கிறார். பேகனிடம் கிடைக்காத ஒன்றை இவனிடம் கண்டிருக்கிறார். குறுந்தொகை 312 இன்னும் அழகு. இரவில் தன்னோடு ஒன்றாகிவிடும் காதலி, விடிந்ததும் கூந்தல் பூவை உதிர்த்து, எண்ணெய் தடவி, வீட்டாரின் பெண்ணாக வேறொரு முகத்தோடு நடமாடுகிறாள் என்று ஓர் இளைஞன் வியக்கிறான். இரவில் வந்தவள் மேல் கமழ்ந்தது மலையமானின் முள்ளூர்க் காட்டு மணம் என்கிறான். இந்த நாட்டுக் காட்டின் வாசனையைக் காதல் பாட்டுக்குள் வைத்தவர், அந்த நாட்டுக்கே பாரியின் பெண்ணைத் தந்தார் என்று கல்வெட்டு சொல்கிறது.

திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாரி அடைக்கலமாகத் தந்த பெண்ணைக் கபிலர் மலையனுக்கு மணம் செய்து கொடுத்துவிட்டு, பெண்ணை ஆற்றுப் பாறையில் தீப்புகுந்தார் என்கிறது அது. புறநானூறு 236இன் அடிக்குறிப்பு வேறு சொல்கிறது: பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர் துறந்தார். கல்வெட்டு சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. ஆனாலும் திருக்கோவிலூர் மக்கள் அதைத்தான் பற்றிக்கொண்டார்கள். அந்தப் பெண் மணக்கோலத்தில் ஓர் அரண்மனைக்குள் நுழைந்தாள் என்று நம்ப அவர்களுக்கு ஆசை. எனக்கும்தான். இரண்டு குறிப்புகளும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: பெண்களின் பொறுப்பு முடியும் வரை அவர் சாகவில்லை. 236இல் அவர் பாரியிடம் சற்றே கோபிக்கிறார். நீ என்னையும் உடன் அழைத்துப்போகாமல் இருந்து வா என்றாய், அதனால் நான் உனக்கு முழு நண்பனாக இல்லை போலும். அடுத்த பிறவியிலாவது பிரியாமல் இருக்க விதி கூட்டட்டும் என்கிறார்.

கல்வராயன் மலையின் இன்றைய காதல் பெரும்பாலும் வேறு திணையில் நடக்கிறது. அறுவடை முடிந்தால் இளைஞர்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். பொருளுக்காகப் பிரிவது பாலைத் திணை. காத்திருக்கும் பெண்ணின் பாட்டை நாரைக்குப் பதிலாகக் கைபேசி கேட்கிறது, அதுவும் டவர் கிடைக்கும் இடத்தில். இந்த வாழ்க்கையை எழுத மலையிலிருந்தே ஒரு பெண் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மலையாளி மக்களிடம் மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்துப் பெண் எடுக்கும் பழைய வழக்கம் உண்டு. அதைப் பின்னணியாக வைத்து அங்கே பிறந்தவர் எழுதும் காதல் நாவல் நம் மாத நாவல்களில் இதுவரை வராத வாசனையோடு வரும்.

2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூரும் கல்வராயனின் வெள்ளிமலைப் பகுதியும் சேர்ந்தே புதிய மாவட்டத்துக்குள் வந்தன. குறிஞ்சியின் கவிஞர் மறைந்த இடமும், அவர் பாடிய வாழ்க்கையின் எச்சம் இன்னும் இருக்கும் மலையும் ஒரே ஆட்சியரின் கீழ். மலைப் பள்ளிகளில் குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை மனப்பாடப் பகுதியாக வைப்பதில் பயனில்லை. பட்டியலைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, வெள்ளிமலைப் பாட்டிமாரிடம் அனுப்பலாம். எந்தப் பூ இன்னும் இந்தக் காட்டில் பூக்கிறது, மலையில் அதற்கு என்ன பெயர், எந்தப் பூவைக் கல்யாணத்துக்குத் தலையில் வைப்பார்கள், எதை வைக்க மாட்டார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். அந்தக் குறிப்பேட்டை அச்சிட மாவட்ட நூலகத்துக்கு அதிகச் செலவாகாது.